யாருடைய ஆர்ஜிதம்?

ஆங்கிலத்தில் 'அக்வயர்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. பேச்சில் அதிகம் வராது. சந்தையில் கத்திரிக்காய் வாங்கி வந்தவர் அதை 'அக்வயர்' செய்தேன் என்று சொல்ல மாட்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு அலுவலகத்துக்கு வரும் சொல் அது. பாடநூல், தீர்ப்பு, அரசிதழ், பதிவுத் தபால் ஆகிய இடங்களில்தான் அதைப் பார்க்கலாம். ஆனால் நெய்வேலிக்காரர்களான நமக்கு அது அந்நியம் அல்ல. அதன் பெயர்ச்சொல் வடிவமான 'அக்விசிஷன்' என்பதைக் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட இந்தப் பக்கத்தில் சரியாக உச்சரிப்பார்கள். முன்னால் 'லேண்ட்' சேர்த்துத்தான் உச்சரிப்பார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு பிராது உண்டு. அதை இன்று எழுதிவிடுகிறேன்.

முதலில் பொருள். வகுப்பில் இதற்கு எடுத்துக்காட்டு சொல்வது எளிது. அறிவைப் பெறுவது, ஒரு மொழியைக் கற்றுக்கொள்வது, ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்வது, ஒரு திறமை கைவருவது எல்லாம் 'அக்வயர்'. பாகற்காய் முதலில் கசந்து பிறகு பிடித்துப்போனால் அதை 'அக்வயர்டு டேஸ்ட்' என்பார்கள். எய்ட்ஸ் என்ற நோயின் பெயரில் முதல் எழுத்துக்குரிய சொல்லும் 'அக்வயர்டு' தான். பிறவியில் வராமல் பிற்பாடு வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

இந்த எடுத்துக்காட்டுகளில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. எதிலும் இன்னொருவருக்கு நஷ்டம் இல்லை. மாணவன் கணக்குக் கற்றுக்கொண்டால் ஆசிரியருக்குக் கணக்கு மறந்துபோவதில்லை. பேரன் இந்தி பேசக் கற்றால் பக்கத்து வீட்டு வடநாட்டுக்காரர் ஊமையாகிவிடுவதில்லை. ஒருவர் பெறுகிறார், அதோடு வாக்கியம் முடிகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அடுத்து பிறப்பு. லத்தீனில் 'க்வைரெரெ' என்றால் தேடு, கேள் என்று பொருள். அதற்கு முன்னால் 'அட்' என்ற ஒட்டைச் சேர்த்தால் தேடி அடைவது என்றாகிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, பிறகு லத்தீன் எழுத்துக்கூட்டலுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. இதே வேரில் பிறந்த உடன்பிறப்புகள் பல. 'ரிக்வயர்' (தேவைப்படு), 'இன்க்வயர்' (விசாரி), 'ரிக்வெஸ்ட்' (வேண்டுகோள்), 'க்வெஸ்சன்' (கேள்வி) எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் உண்டு. அதன் பெயர் 'காங்கர்'. படையெடுத்து வெல்வது. 'அக்வயர்' செய்கிறவரும் 'காங்கர்' செய்கிறவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவர் கையில் கோப்பு இருக்கிறது, மற்றவர் கையில் வாள் இருந்தது. ஸ்காட்லாந்து நாட்டுச் சட்டத்தில், பரம்பரையாக வராமல் ஒருவர் தானாகச் சம்பாதித்த சொத்துக்கு 'காங்க்வெஸ்ட்' என்றே ஒரு காலத்தில் பெயர் இருந்தது. அவர்களாவது ஒளிக்காமல் சொன்னார்கள்.

இந்தச் சொல் நம் மண்ணுக்குள் எப்படி வந்தது? கும்பெனிக்காரர்கள் வங்காளத்தில் 1824-ல் ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தார்கள். சாலைக்கும் கால்வாய்க்கும் தனியார் நிலத்தை எடுப்பதற்கு. சென்னை மாகாணத்துக்கு 1852-ல் தனிச் சட்டம் வந்தது. ரயில் போட வேண்டிய அவசரத்தில் கும்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் 1857-ல் ஒன்று, பிறகு 1870-ல் ஒன்று. கடைசியில் 1894-ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாக 'லேண்ட் அக்விசிஷன் ஆக்ட்' வந்தது. வெள்ளைக்காரர் போன பிறகும் அது போகவில்லை. 2014 ஜனவரி முதல் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகள் அது நம்மை ஆண்டது.

மற்ற நாட்டுக்காரர்கள் இதே காரியத்துக்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் 1791-ல் வந்தது. பொதுக் காரியத்துக்குத் தனியார் சொத்தை எடுப்பதைப் பற்றி அது பேசுகிறது. அங்கே உள்ள வினை 'டேக்'. எடு. குழந்தைக்கும் புரிகிற சொல். அவர்கள் வழக்கறிஞர்கள் இன்றும் இந்தச் சட்டப் பிரிவை 'டேக்கிங்ஸ்' என்றுதான் அழைக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்குப் பெயர் 'கம்பல்சரி பர்ச்சேஸ்', கட்டாயக் கிரயம். வாங்குகிறோம், ஆனால் நீ மறுக்க முடியாது என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். தன் நாட்டில் கட்டாயம் என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் வைத்துக்கொண்ட அதே இங்கிலாந்து, நமக்கு எழுதிய சட்டத்தின் பெயரில் அதை வைக்கவில்லை.

சரி, தமிழில் நாம் என்ன செய்தோம்? இங்கேதான் எனக்கு அதிக வருத்தம். என் வயதுக்காரர்களுக்கு 'நில ஆர்ஜிதம்' என்ற சொல் நன்றாக நினைவிருக்கும். தாலுக்கா ஆபீசில் அதற்கென்று தனித் தாசில்தாரே இருப்பார். ஆர்ஜிதம் என்பது வடமொழி. சம்பாதித்தது, ஈட்டியது என்று பொருள். பாகப் பிரிவினை நடந்த எந்த வீட்டிலும் இந்தச் சொல் காதில் விழுந்திருக்கும். அப்பா வைத்துவிட்டுப் போனது பிதுரார்ஜிதம். தன் உழைப்பில் வாங்கியது சுயார்ஜிதம். இரண்டுக்கும் நடுவில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போவார்கள். மூன்றாவதாக ஓர் ஆர்ஜிதம் வந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அதுதான் நில ஆர்ஜிதம்.

ஒருவன் பம்பாயில் கூலி வேலை செய்து, மிச்சம் பிடித்து, ஊரில் ஒன்றரை ஏக்கர் புஞ்சை வாங்கினால் அது ஆர்ஜிதம். அந்த ஒன்றரை ஏக்கரை அவனைக் கேட்காமல் எடுத்தால் அதுவும் ஆர்ஜிதம். ஈட்டியவனுக்கும் எடுத்தவனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர் யாரோ, அவர் ஆங்கிலத்துக்கு மிகவும் விசுவாசமாக இருந்திருக்கிறார்.

பிறகு தனித்தமிழ் ஆர்வத்தில் 'கையகப்படுத்துதல்' வந்தது. கை, அகம்: உள்ளங்கைக்குள் கொண்டுவருவது. ஆர்ஜிதத்தைவிட இதில் கொஞ்சம் நேர்மை இருக்கிறது. கையை மூடுகிற சத்தமாவது கேட்கிறது. ஆனாலும் 'கைப்பற்றினார்கள்' என்று எழுதக் கூசித்தானே 'கையகப்படுத்தினார்கள்' என்று எழுதுகிறோம்? சாராய கேன்களைப் போலீசார் கைப்பற்றுவார்கள். எதிரி நகரத்தைப் படை கைப்பற்றும். பட்டா நிலத்தை மட்டும் கையகப்படுத்துவார்கள். லத்தீனில் ஒரு வேரிலிருந்து இரண்டு பிள்ளைகள் பிறந்ததுபோலவே நம் தமிழிலும் ஒரு கையிலிருந்து இரண்டு பிறந்திருக்கின்றன.

இப்போது பிராதின் மையத்துக்கு வருகிறேன். தமிழில் கொள் என்றால் எதிரே கொடு இருக்கும். சம்பந்தம் பேசும்போதுகூட கொள்வினை, கொடுப்பினை என்று இரண்டையும் சேர்த்தே சொல்வது நம் வழக்கம். வாங்குவதற்கு எதிரே விற்பது உண்டு. உங்கள் வீட்டுக் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார் என்று இருவர் பெயரும், இருவரின் தகப்பனார் பெயரும், வசிக்கும் இடமும் இருக்கும். இன்ன தேவைக்காக, இன்ன தொகை பெற்றுக்கொண்டு, சம்மதித்து விற்றேன் என்று வாசகம் இருக்கும். 'அக்வயர்' என்ற வினைக்கு எதிரே என்ன வினை? தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. ஒரு கை பெறுகிறது, மறு கை என்ன செய்தது என்று சொல்ல அந்த மொழியில் ஜோடிச் சொல் கிடையாது.

பல வருடங்களுக்கு முன் ஒரு பெரியவர் தனக்கு வந்த நோட்டீசைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் வந்தார். எந்த ஊர், எந்தத் திட்டம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சர்வே எண், விஸ்தீரணம், நஞ்சையா புஞ்சையா, பட்டாதாரர் பெயர், நிலத்தில் உள்ள மரங்கள் வரை எல்லாம் சரியாக இருந்தன. ஒரு வேப்பமரம்கூட விட்டுப்போகவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்: "எல்லாம் போட்டிருக்கு வாத்தியாரய்யா. நான் வித்தனா, குடுத்தனா, என்னா பண்ணனேன்னு இதுல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. அந்தச் சட்டத்தின் நடையே அப்படி. நிலம் பொதுக் காரியத்துக்குத் தேவைப்படுகிறது என்று தொடங்கும். யாருக்குத் தேவை என்று தெரியும், யாரிடமிருந்து என்பது பட்டியலில் ஒரு கட்டம். முடிவில், கலெக்டர் சுவாதீனம் எடுத்ததும் நிலம் சகல வில்லங்கமும் நீங்கி அரசைச் சேரும் என்று 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்லும். வில்லங்கம் என்றால் அடமானம், பாத்தியதை போன்றவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிலத்தில் குடிசை போட்டு மூன்று தலைமுறை இருந்தவர் அந்த வாசகத்தைக் கேட்கும்போது, நீங்கவேண்டிய வில்லங்கம் தான்தானோ என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

வேடிக்கை என்னவென்றால், சட்டத்துக்கே மனச்சாட்சி உறுத்தியிருக்கிறது. சந்தை விலைக்கு மேல் ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்று 23-வது பிரிவில் வைத்தார்கள். ஏன் கொடுக்க வேண்டும்? எடுப்பது கட்டாயத்தின்பேரில் என்பதால் என்று அந்தப் பிரிவே காரணம் சொன்னது. முதலில் அது நூற்றுக்குப் பதினைந்து, 1984-ல் முப்பது, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூற்றுக்கு நூறு. இதற்கு 'சொலேஷியம்' என்று பெயர். லத்தீனில் ஆறுதல் என்று பொருள். துக்க வீட்டில் சொல்வது ஆறுதல். ஆர்ஜிதம் மங்கள காரியம் என்றால் ஆறுதல் எதற்கு?

அரசியல் சாசனமும் இப்படித்தான். சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து 1978-ஆம் ஆண்டின் 44-வது திருத்தம் நீக்கியது. இன்று நமக்கு மிச்சமிருப்பது 300ஏ என்ற உறுப்பு. சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவருக்குச் சொத்து இல்லாமல் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். அங்கே உள்ள ஆங்கில வினை 'டிப்ரைவ்', இழக்கச் செய்வது. அதாவது நிலத்தைப் பறிகொடுத்தவர் பக்கம் நின்று பார்க்கும் சொல் நம் சாசனத்திலேயே இருக்கிறது. நோட்டீஸ் எழுதும்போது மட்டும் அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது தென்பட்ட கருப்பு மண்ணின் கதை இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் தன் நிலத்தைக் கொடுத்தார் என்றுதான் சொல்கிறோம். கொடுத்தார் என்ற வினை அவர் பெயரை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. இந்தத் தேதிகள் நமக்கு மனப்பாடம். அதே வருடங்களில் நிலத்தையும் வீட்டையும் விட்டுப் போனவர்களின் பெயர்கள் யாருக்கு மனப்பாடம்? நெய்வேலி என்ற பெயரே ஒரு கிராமத்தின் பெயர். பெயரை வைத்துக்கொண்டோம், கிராமம் போய்விட்டது. அவர்கள் யாரையும் பற்றி 'கொடுத்தார்' என்று எழுதவில்லை. அவர்கள் நிலம் 'ஆர்ஜிதம் ஆனது'.

ஆனால் அந்த மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சுற்றுக் கிராமங்களில் யாரிடம் கேட்டாலும் "நாங்க நிலம் குடுத்தவங்க" என்பார்கள். வேலை கேட்டுப் போராட்டம் நடத்தும்போதும் தட்டியில் அப்படித்தான் எழுதுவார்கள். கட்டாயத்தில் போனதை ஏன் கொடுத்தோம் என்கிறார்கள்? தெரியாமல் சொல்லவில்லை. கொடுத்தேன் என்றால் வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். வாங்கியவருக்குக் கடமை ஒன்று இருக்கிறது. நன்றி, வேலை, மாற்று மனை என்று அந்தக் கடமை நீள்கிறது. 'அக்வயர்' என்று சொல்லிவிட்டால் தொகையோடு கணக்குத் தீர்ந்தது. ஒரே நிலத்தைப் பற்றி இரண்டு தரப்பும் இரண்டு வினைச்சொற்களை வைத்துக்கொண்டு அறுபது வருடமாக வழக்காடுகின்றன. ஒரு தரப்பின் சொல் மட்டும் அரசிதழில் ஏறுகிறது.

2023 ஜூலை இறுதியில் வளையமாதேவியில் நடந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, பச்சை நெற்பயிருக்குள் மண் வாரும் இயந்திரங்கள் இறங்கின. அவை 2006 முதல் 2013 வரையிலான காலத்தில் கையகப்படுத்தப்பட்ட நிலங்கள் என்று நிறுவனத் தரப்பில் சொன்னார்கள். காகிதப்படி அது சரியாகவே இருக்கலாம். வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. பயிர் அழிவதைப் பார்த்து நீதிபதியே மனம் வருந்திப் பேசினார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவு வந்தது. பயிர் வாடப் பொறுக்காத வள்ளலாரின் வடலூர் பக்கத்திலேயே இருக்கும்போது நாம் வேறு என்ன சொல்ல?

அந்த நாட்களில் இந்தச் சொல்லைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருடத்துக்கு முன்பே 'அக்வயர்' ஆகிவிட்ட நிலத்தில் ஒருவர் இன்னும் நாற்று நடுகிறார் என்றால், அந்த வினை எப்போது நடந்தது? கையெழுத்தான அன்றா, பணம் வரவான அன்றா, இயந்திரம் இறங்கிய அன்றா? 'எடுத்தார்கள்' என்ற சொல்லுக்கு இந்தக் குழப்பம் இல்லை. எடுத்த அன்றைக்குத்தான் எடுத்தது. 'அக்வயர்' மட்டும் ஒரு கோப்புக்குள் சத்தமில்லாமல் நடந்து முடிந்து, விவசாயிக்குச் செய்தி வயல் வழியாக வந்து சேர்கிறது.

என்னோடு காலை நடை வரும் நண்பர் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்டார்: "வார்த்தையில என்ன சார் இருக்கு? தொகை நியாயமா கொடுத்தாப் போதாதா?" தொகை முக்கியம்தான். ஆனால் தொகை எவ்வளவு என்பதே, நடந்தது என்ன என்ற கேள்விக்குப் பிறகுதானே வருகிறது? விற்றவருக்கு விலை போதும். விருப்பமில்லாமல் பறிகொடுத்தவருக்கு விலையோடு வேறு பலவும் சேர வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெயரிலேயே மறுவாழ்வையும் மறுகுடியமர்வையும் சேர்த்துக்கொண்டது அதனால்தான்.

இன்னொன்றும் சொன்னார். டாடா நிறுவனம் 2008-ல் ஃபோர்டிடமிருந்து ஜாகுவார் கார் கம்பெனியை வாங்கியபோது பத்திரிகைகள் 'கையகப்படுத்தியது' என்றுதானே எழுதின, அது பொதுச் சொல்தானே என்றார். சரியான கேள்வி. ஃபோர்டு விற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கம்மாபுரம் பக்கத்துப் புஞ்சைக்காரர் அப்படிச் சொல்ல முடியுமா? தனியார் கம்பெனிக்காக எடுத்தால் எண்பது சதவீதம், கூட்டுத் திட்டமென்றால் எழுபது சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அரசே தன் திட்டத்துக்கு எடுத்தால் அந்தச் சம்மதமும் தேவையில்லை. மறுக்க முடிகிற ஃபோர்டுக்கும் மறுக்க முடியாத விவசாயிக்கும் ஒரே சொல் என்பதுதான் என் பிராதே.

"அப்போ சுரங்கமே வேண்டாமா, கரண்ட் வேண்டாமா?" என்று சிலர் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இந்த ஊரின் அகலமான சாலையில், இந்த மரங்களின் நிழலில் நடக்கிறவன்தான் நானும். என் பிள்ளைகள் படித்ததும் இந்த ஊர் வெளிச்சத்தில்தான். தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது, இங்கே பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது, மேலே இருந்தவர்கள் நகர வேண்டியதாயிற்று. அது நியாயமா என்பது பெரிய வழக்கு. என் வழக்கு சிறியது. எடுத்திருந்தால் எடுத்தோம் என்று சொல்லுங்கள். சொல்லக் கூசுகிற அளவுக்கு அது இருந்தால், கூச்சத்தைச் சொல்லை மாற்றித் தீர்க்காதீர்கள்.

நான் கேட்பது செலவில்லாத காரியம். நோட்டீசின் முதல் வரியைத் தமிழில், பெயர் சொல்லி எழுதுங்கள்: "உங்கள் நிலத்தை, உங்கள் சம்மதம் இல்லாவிட்டாலும், இன்ன காரியத்துக்காக, இன்ன தேதிக்கு எடுக்கப் போகிறோம். அதற்காக உங்களுக்கு இன்னின்னது செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்." யார், யாரிடமிருந்து, எப்போது, என்ன கடமை என்று எல்லாம் அதில் இருக்கும். இப்படி ஒரு வரியில் கையெழுத்துப் போடும் அதிகாரி பேனாவைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுப்பார். பயிர் நிற்கிறதா என்று ஒரு தரம் கேட்டுவிட்டு எடுத்தாலும் எடுப்பார்.

அரசு மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பேச்சில் இன்றே மாற்றிக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகள் இந்தச் சுரங்கம் எப்படி வந்தது என்று கேட்டால், நிலம் ஆர்ஜிதம் ஆனது என்று சொல்லாதீர்கள். இங்கே ஜனங்கள் இருந்தார்கள், அவர்களிடமிருந்து எடுத்தார்கள், அவர்கள் அதைக் கொடுத்ததாக இன்றும் சொல்கிறார்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அடுத்த கேள்வி கேட்பார்கள்: "அவங்களுக்கு நாம என்ன தாத்தா குடுத்தோம்?" அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதுதான் இத்தனை வருடமாக 'அக்வயர்' என்ற சொல் செய்துவரும் வேலை.